நாட்டு மர விதைகளைச் சேகரிப்பது யார்? காடு மீட்புப் பணியின் முதல் படி

மரம் நடும் விழாக்களுக்கு நம் நாட்டில் பஞ்சமில்லை. மலேசியாவைப் பசுமையாக்கும் தேசிய இயக்கம் 2021 முதல் 2025 வரைக்குள் 10 கோடி மரங்கள் என்ற இலக்குடன் தொடங்கியது. சிங்கப்பூர் 2020-இல் தொடங்கி பத்தாண்டுகளில் 10 லட்சம் மரங்கள் என்று அறிவித்தது. பள்ளிகள், கோயில்கள், தோட்ட நிர்வாகங்கள், நிறுவனங்கள் என எல்லாத் தரப்பினரும் ஆளுக்கொரு கன்று ஊன்றிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் கன்று எந்த மரத்தின் விதையிலிருந்து வந்தது, அந்த விதையை யார் பொறுக்கினார்கள் என்று கேட்பவர்கள்தான் குறைவு.

அழிந்த காட்டை மீட்க நினைப்பவர்களுக்கு இந்தக் கேள்விதான் முதல் கேள்வி. நிலம் இருக்கலாம், பணம் இருக்கலாம், தொண்டூழியர்கள் பேருந்தில் வந்து இறங்கலாம். விதை இல்லாவிட்டால் கையில் கிடைத்த கன்றைத்தான் நட வேண்டியிருக்கும். அப்படிக் கையில் எளிதாகக் கிடைப்பது பெரும்பாலும் வெளிநாட்டு மரமாகவோ, சாலையோர அழகு மரமாகவோ இருக்கும்.

அக்காசியா மரத்தை நினைத்துப் பாருங்கள். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பகுதியிலிருந்து 1966-இல் அக்காசியா மாங்கியம் சபாவுக்குக் கொண்டுவரப்பட்டது. வேகமாக வளர்ந்தது, விதை ஏராளமாகக் கிடைத்தது, சேமித்து வைக்கவும் முடிந்தது. இன்று நெடுஞ்சாலை ஓரங்களிலும் கைவிடப்பட்ட ஈய நிலங்களிலும் யாரும் நடாமலே அது பரவி நிற்கிறது. பச்சையாகத்தான் இருக்கிறது. ஆனால் இரட்டைவாயன் பறவைக்கும் குரங்குக்கும் இரை தரும் காடு அதுவல்ல.

நாட்டு மரம் என்றால் இந்த மண்ணில் தானாக வளர்ந்துவந்த மரம். மெரந்தி, குருயிங், செங்கால், காப்பூர், கெம்பாஸ், துவாலாங், 2019-இல் தேசிய மரமாக அறிவிக்கப்பட்ட மெர்பாவ் ஆகிய பெயர்களை மரக்கடைகளில் கேட்டிருப்போம். பலகையாகத் தெரிந்த இந்த மரங்களை விதையாகப் பார்த்தவர்கள் மிகச் சிலரே.

ரப்பர் கொட்டை சொல்லித்தரும் பாடம்

விதையைப் பற்றித் தோட்டத்து மக்களுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் வெயில் ஏறும் நேரம் ரப்பர் காய் பட்டென்று வெடித்துக் கொட்டை சிதறும் ஓசை, தோட்டத்தில் வளர்ந்த எவருக்கும் காதில் நிற்கும். கொட்டையைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துப் பக்கத்தில் இருப்பவன் கையில் சூடு வைக்காத பிள்ளைகள் உண்டா? அந்தக் கொட்டையை உடனே மண்ணில் போட்டால் முளைக்கும். டப்பாவில் போட்டு மாதக் கணக்கில் வைத்தால் முளைக்காது.

ரப்பரின் வரலாறே இந்தக் குணத்தால் மயிரிழையில் தப்பியது. 1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 கொட்டைகளை லண்டன் கியூ தாவரத் தோட்டத்துக்கு அனுப்பினார். முளைத்தவை ஏறக்குறைய 2,700 மட்டுமே. நூற்றுக்கு நான்குகூட இல்லை. மற்றவை கடற்பயணத்திலேயே உயிர் விட்டிருந்தன. 1877-இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த கன்றுகள் 22. அவற்றில் ஒன்பது கோலகங்சாருக்குப் போயின. நம் முன்னோர் பால் வெட்டிய லட்சக்கணக்கான ஏக்கர் மரங்களின் கதை, பெரும்பாலும் இப்படிப் பிழைத்த ஒரு பிடி கன்றுகளிலிருந்துதான் தொடங்குகிறது.

மெரந்திக் குடும்பத்து விதைகளும் இதே இனம். உலர்த்தினால் சாகும், குளிரூட்டியில் வைத்தாலும் சாகும். நெல், மிளகாய் விதைபோல் காயவைத்து அடுத்த ஆண்டுக்கு எடுத்து வைக்க முடியாது. மரத்திலிருந்து விழுந்த சில நாட்களில், அதிகம் போனால் சில வாரங்களில் மண்ணுக்குப் போயாக வேண்டும். சாக்கில் கட்டி லாரியில் ஏற்றி இறக்குவதற்குள் வழியிலேயே முளை விட்டுவிடுவதும் உண்டு. மெர்பாவ், கெம்பாஸ், செப்பெத்திர் போன்ற அவரைக் குடும்பத்து மரங்கள் இதற்கு நேர்மாறு. அவற்றின் விதைகள் காய்ந்தாலும் உயிரோடு இருக்கும். மெர்பாவ் விதையின் ஓடு எவ்வளவு கெட்டி என்றால், ஒரு பக்கம் அரத்தால் தேய்த்துவிட்டுத்தான் தண்ணீரில் ஊறப் போடுவார்கள்.

எனவே விதை வங்கி என்ற ஒன்றைக் கட்டிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று நம் நாட்டுக் காடுகளைப் பொறுத்தவரை சொல்ல முடியாது. சிங்கப்பூர் தாவரத் தோட்டத்தில் 2019-இல் திறக்கப்பட்ட விதை வங்கி 25,000 இனங்கள் வரை வைக்கக்கூடிய வசதி கொண்டது. தென்கிழக்காசியாவுக்கே பெரிய சொத்து. ஆனாலும் மெரந்திக்கு உண்மையான வங்கி உயிரோடு நிற்கும் தாய்மரமும், அதன் அடியில் சரியான வாரத்தில் போய் நிற்கும் ஆளும்தான்.

பத்தாண்டுக்கு ஒருமுறைகூடக் காய்க்கலாம்

அந்தச் சரியான வாரம் எப்போது வரும் என்பது அடுத்த சிக்கல். மாமரம் ஆண்டுதோறும் காய்க்கும். மெரந்திக் குடும்பத்து மரங்கள் அப்படியல்ல. இரண்டு ஆண்டிலிருந்து பத்து ஆண்டுவரை எந்தக் கணக்கும் இல்லாமல் காத்திருந்து, பிறகு மலை மலையாக, மாநிலம் மாநிலமாக ஒரே பருவத்தில் பூத்துக் காய்க்கும். நீண்ட வறட்சியும், வழக்கத்தைவிடக் குளிர்ந்த இரவுகளும் இதைத் தூண்டுவதாக ஆய்வாளர்கள் கூறுகின்றனர். தீபகற்பத்தில் பொதுவாக மார்ச், ஏப்ரலில் பூ தொடங்கி ஆகஸ்டு, செப்டம்பரில் காய் உதிரும்.

மரங்கள் ஏன் இப்படிச் சொல்லிவைத்தாற்போல் செய்கின்றன? காட்டுப்பன்றி, கிளி, வண்டு எல்லாம் வயிறு நிறையத் தின்ற பிறகும் மிச்சம் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான். கொஞ்சம் கொஞ்சமாகக் காய்த்தால் ஒன்றுகூட மிஞ்சாது.

காட்டை மீட்பவர்களுக்கு இது தலைவலி. ஐந்தாண்டுத் திட்டத்துக்குப் பணம் ஒதுக்கியிருப்பார்கள். அந்த ஐந்தாண்டில் மரம் பூக்காமலே போகலாம். அல்லது எல்லா மரமும் ஒரே மாதத்தில் கொட்டும். பொறுக்க ஆள் இருக்காது, போட்டு வளர்க்க இடம் இருக்காது. இந்த நெருக்கடியைத் தனியாக எந்த அமைப்பாலும் சமாளிக்க முடியாது. வனத்துறையின் பார்வைக்கு வராத பூ, மலையடிவாரத்துக் கிராமத்தாரின் கண்ணில் படும். ஆய்வகத்துக்கு விதையின் குணம் தெரியும், பொறுக்க ஆள் பலம் கிடையாது. நிறுவனத்திடம் நிலமும் பணமும் இருக்கும், எந்த மரம் என்று அடையாளம் தெரியாது. கூட்டுப்பணி இங்கே மேடைப் பேச்சுக்கான சொல்லாக இல்லை; வேறு வழியே இல்லாததால் வந்தது.

காய்க்காத ஆண்டுகளில் ஒரு மாற்று வழி உண்டு. முந்தைய பருவத்தில் தாய்மரத்தடியில் முளைத்து, வெளிச்சம் இல்லாமல் விரல் உயரத்திலேயே நின்றுவிட்ட காட்டுக் கன்றுகளை வேரோடு எடுத்து வந்து, ஈரம் குறையாத மூடிய பந்தலில் சில வாரம் வைத்துத் தேற்றுவார்கள். அந்த மண்ணில் ஒரு கைப்பிடியையும் கூடவே எடுத்து வருவார்கள். மெரந்தியின் வேரோடு கூட்டு வாழ்க்கை நடத்தும் பூஞ்சை அந்தக் காட்டு மண்ணில் இருக்கிறது. அது கூட வந்தால் கன்று தழைக்கும்.

பெஸ்தாரி ஜெயாவின் கரிச்சதுப்புக் காடு

சிலாங்கூர் வாசகர்களுக்குப் பத்தாங் பெர்ஜுந்தை என்றால் உடனே புரியும். இன்றைய பெயர் பெஸ்தாரி ஜெயா. அங்கே உள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடப்பட்டது. பெயரே தமிழ்ப் பெயர். அதே வட்டாரத்தில் ராஜா மூசா வனக்காப்பகம் இருக்கிறது. வட சிலாங்கூர்க் கரிச்சதுப்புக் காட்டின் ஒரு பகுதியான அதன் பரப்பு சுமார் 23,000 ஹெக்டர்.

கம்புட் எனப்படும் இந்தக் கரிச்சதுப்பு மண், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இலையும் கிளையும் தண்ணீரில் ஊறி மக்காமல் படிந்தது. தண்ணீர் இருக்கும்வரை அது பஞ்சு. பாரிட் வெட்டி நீரை வடித்துவிட்டால் அதுவே விறகு. மரம் வெட்டவும் சட்டவிரோதமாகப் பயிர் செய்யவும் வெட்டப்பட்ட கால்வாய்களால் ராஜா மூசாவின் ஒரு பகுதி காய்ந்தது, தீ பிடித்தது, புகைமூட்டம் கோலசிலாங்கூர் தாண்டியும் வந்தது. மண்ணுக்கு அடியில் புகைந்துகொண்டே போகும் அந்த நெருப்பை அணைப்பது எவ்வளவு கடினம் என்பதை அங்கே வசிப்பவர்கள் அறிவார்கள்.

2008-இல் சிலாங்கூர் மாநில வனத்துறையும் உலகச் சுற்றுச்சூழல் மையம் என்ற அரசுசாரா அமைப்பும் சேர்ந்து மீட்புப் பணியைத் தொடங்கின. முதல் வேலை மரம் நடுவது அல்ல, கால்வாயை அடைப்பது. நீர்மட்டம் ஏறினால்தான் கன்று பிழைக்கும், தீயும் அடங்கும். அதன் பிறகு நடுவதற்கு அவர்கள் தேர்ந்தெடுத்தவை விலையுயர்ந்த மரங்கள் அல்ல. மஹாங், தெங்கெக் பூரோங் போன்ற முன்னோடி மரங்கள். வெட்டவெளி வெயிலைத் தாங்கி, புல்லை அடக்கி, நிழல் கொடுப்பவை இவைதான். நிழல் வந்த பிறகே நிழல் கேட்கும் மரங்களை உள்ளே கொண்டுவர முடியும். மேலும் பறவைகள் வந்து அமர்ந்தால், நாம் பொறுக்காத விதைகளையும் அவை கொண்டுவந்து போடும்.

கன்று யார் வளர்ப்பது? 2012-இல் சுற்றுவட்டார மக்கள் சேர்ந்து வட சிலாங்கூர்க் கரிச்சதுப்பு வன நண்பர்கள் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். வீட்டருகே கன்று வளர்ப்பார்கள். நடும் திட்டம் அதை விலை கொடுத்து வாங்கிக்கொள்ளும். நடும் நாளன்று வரும் நகரத்துத் தொண்டூழியர்களைவிட, கன்று விற்ற வீட்டுக்காரருக்கு அந்தக் காட்டில் தீ பிடிக்காமல் இருப்பதில் அக்கறை அதிகம். அடுத்த ஆண்டு விதையும் வருமானமும் அங்கிருந்துதானே வர வேண்டும்.

கடலோரத்தில் வேறு கணக்கு

பேராக்கின் கெரியான் மாவட்டத்தில் கோலகூலா என்ற ஊர் உள்ளது. 19-ஆம் நூற்றாண்டில் அந்த வட்டாரக் கரும்புத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலை செய்தார்கள். கூலா என்றால் சர்க்கரை. கரும்பு போய்விட்டது, பெயர் மட்டும் நிற்கிறது. இன்று அங்கே உள்ளூர் மக்களின் அமைப்பு ஒன்று பக்காவ் என்னும் கண்டல் மரக் கன்றுகளை வளர்த்துக் கொடுக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு கடலோரக் கண்டல் காட்டின் மதிப்பு எல்லாருக்கும் புரிந்தது.

பக்காவ் மரத்தில் விதை மரத்திலேயே முளைத்துவிடும். நீண்ட முருங்கைக்காய்போல் தொங்கும் அந்த முளைக்குச்சியைச் சேற்றில் செங்குத்தாகக் குத்தினாலே போதும் என்று தோன்றும். ஆனால் முற்றியதா என்று பார்க்க வேண்டும். குச்சியும் காயும் சேரும் இடத்தில் ஒரு வளையம் தோன்றியிருக்கும். பக்காவ் குராப்பில் அது மஞ்சள், பக்காவ் மிஞ்ஞாக்கில் செம்பழுப்பு. வளையம் தெரியாத பச்சைக் காயைப் பறித்தால் பறித்த உழைப்பும் வீண், நட்ட உழைப்பும் வீண். ஆற்றோரத்தில் பெரெம்பாங் மரத்துக்கு இன்னொரு முறை. அதன் பழத்துக்குள் பொடிப்பொடியாக நிறைய விதைகள் இருக்கும். கம்போங் குவாந்தானில் மின்மினிப் பூச்சி பார்க்கப் படகில் போனவர்கள், அந்தப் பூச்சிகள் மொய்த்திருந்த மரம் இந்தப் பெரெம்பாங்தான் என்று தெரிந்துகொள்ளலாம்.

மரம் ஏறுபவருக்கு என்ன கிடைக்கிறது?

ஓராங் அஸ்லி மக்கள் இல்லாமல் தீபகற்பத்தின் உள்காட்டில் விதை சேகரிப்பு நடக்காது. எந்த மலைச்சரிவில் எந்த மரம், அது கடைசியாக எப்போது காய்த்தது என்பதைப் படிக்காத புத்தகமாக வைத்திருப்பவர்கள் அவர்கள். வெப்பமண்டல மழைக்காட்டுப் பாதுகாப்பு ஆய்வு மையம் என்ற அமைப்பு பேராக்கின் கிரிக் அருகே நடத்தும் மரத் தொகுப்பு இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அதே மையம் சைம் டார்பி புரோப்பர்ட்டியுடன் சேர்ந்து ஷா ஆலாம் எல்மினாவில் ஒரு நாற்றுப் பண்ணையையும் நடத்துகிறது. எல்மினா தோட்டத்தில் வேலை செய்த குடும்பங்கள் இன்றும் சுற்றுவட்டாரத்தில் இருக்கின்றன. ரப்பரும் செம்பனையும் நின்ற மண்ணில் இப்போது அரிதான காட்டு மரக் கன்றுகள் வரிசை கட்டி நிற்கின்றன.

இத்தகைய திட்டங்களில் கூலி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதை நாம் கவனிக்க வேண்டும். எண்ணிக்கைக்குக் காசு என்றால், எளிதில் கிடைக்கும் ஒரே இனம் ஆயிரக்கணக்கில் வந்து குவியும். ஒரு நாள் முழுக்க நடந்து பத்து செங்கால் விதை கொண்டு வந்தவருக்கு நட்டம். அரிய மரத்துக்கு அதிக விலை, காய்க்காத ஆண்டிலும் மரங்களைப் பார்த்துவர ஒரு சம்பளம் என்று வைத்தால்தான் பல இன விதைகள் வரும். கிலோ கணக்கில் பால் நிறுத்துக் கூலி வாங்கிய சமூகத்துக்கு இந்த நியாயம் விளங்கும்.

எத்தனை மரங்களிலிருந்து எடுக்க வேண்டும்

செம்பனைக்கே திரும்பி வருவோம். தென்னமரத்தில் நட்ட செம்பனையின் வம்சத்தைப் பின்னோக்கித் தேடினால் சுமத்ரா வழியாக, 1848-இல் ஜாவாவின் போகோர் தாவரத் தோட்டத்தில் நடப்பட்ட நான்கே நான்கு மரங்களில் போய் நிற்கும். ரப்பருக்கு 22, செம்பனைக்கு 4. தோட்டப் பயிருக்கு இது ஓடியது. ஆனால் ஒரே சாயலில் உள்ள மரங்களுக்கு ஒரு நோய் வந்தால் எல்லாவற்றுக்கும் வரும். தென்னமெரிக்காவின் இலைக்கருகல் நோய் இங்கே நுழைந்துவிடுமோ என்ற அச்சம் ரப்பர் துறையில் இன்றும் உண்டு.

காட்டை மீட்கும்போது அந்தத் தவறு நடக்கக்கூடாது. சாலையோரம் வசதியாக நிற்கும் ஒரு மரத்தடியில் சாக்கை நிரப்பிவிட்டு வருவது விதை சேகரிப்பு ஆகாது. ஒன்றுக்கொன்று தள்ளி நிற்கும் பல மரங்களிலிருந்து எடுக்க வேண்டும். முடிந்தால் ஓர் இனத்துக்கு ஐம்பது மரம் என்பது விதை வங்கிகளின் விருப்பம். அதோடு அன்று பழுத்துக் கிடைக்கும் விதையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக்கூடாது என்பது பல நாடுகளில் பின்பற்றப்படும் விதி. மிச்சம் காட்டுக்கும் காட்டு விலங்குக்கும்.

இப்படியெல்லாம் செய்தால் காடு திரும்புமா என்று சந்தேகப்படுபவர்கள் ஒருமுறை கெப்போங் போய்வரலாம். மலேசிய வன ஆராய்ச்சிக் கழகம் இருக்கும் அந்த இடம் 1920-களில் ஈயம் தோண்டிக் கைவிட்ட நிலமாகவும் காய்கறித் தோட்டமாகவும் இருந்தது. அங்கே மரம் நட்டு வளர்த்தார்கள். 1929-இல் ஆராய்ச்சிக் கட்டடம் எழுந்தது. இன்று ஞாயிற்றுக்கிழமை நடைப்பயிற்சிக்குப் போகிறவர்களில் பலர் அதை ஆதிகாடு என்றே நினைக்கிறார்கள். மனிதர் நட்டு உருவான காடு என்ற சிறப்புக்காகவே 2025-இல் அது யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. சபாவில், 1980-களின் தொடக்கத்தில் வறட்சியிலும் தீயிலும் அழிந்த கலாபாக்கான் பகுதியில், சபா அறவாரியமும் சுவீடனின் ஐக்கியா நிறுவனமும் அந்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றும் 1998 முதல் சேர்ந்து சுமார் 80 நாட்டு இனங்களை நட்டு வந்துள்ளன. எண்பது இனம் என்றால் எண்பது விதமான விதை, எண்பது விதமான பருவம். பணத்தால் மட்டும் நடக்கிற வேலையில்லை அது.

நாம் செய்யக்கூடியது, செய்யக்கூடாதது

முதலில் செய்யக்கூடாதது. நிரந்தர வனக்காப்பகத்துக்குள் போய் நாமாகவே விதை பொறுக்கக்கூடாது. 1984-ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டப்படி விதையும் பழமும்கூட வன விளைபொருள்தான். எடுக்க மாநில வனத்துறையின் அனுமதி வேண்டும். சிங்கப்பூரில் இயற்கைக் காப்பகங்களில் எதையும் பறிக்கவோ எடுத்துச் செல்லவோ கூடாது. அங்கே தேசியப் பூங்காக் கழகத்தின் தொண்டூழியராகப் பதிவு செய்துகொள்வதே முறை.

காப்பகத்துக்கு வெளியே நம் கண்முன்னே நிற்கும் மரங்கள் வேறு விஷயம். காடு அழித்துத் தோட்டம் போட்டபோது ஆற்றங்கரையிலும், செங்குத்தான சரிவிலும், முனியாண்டி, காளியம்மன் சந்நிதியிலும் தப்பி நின்ற பெரிய மரங்கள் இன்னும் சில இடங்களில் உண்டு. சுற்றிலும் பல கிலோமீட்டருக்கு அந்த இனத்தில் அதுவே கடைசித் தாய்மரமாக இருக்கலாம். நிலம் விற்கப்பட்டுக் கோயில் இடம் மாறும்போது, சிலையையும் சூலத்தையும் எடுத்துச் செல்கிறோம். மரத்தை எடுத்துச் செல்ல முடியாது. அதன் விதையையாவது எடுக்கலாம் அல்லவா? தோட்டத்துப் பெரியவர்களுக்குத்தான் எந்த மரம் எந்த மாதம் காய்க்கும் என்று தெரியும். அவர்களிடம் கேட்டு எழுதி வைப்பதைத் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்று ஓராண்டுத் திட்டமாகவே செய்யலாம். செம்பனைத் தோட்டங்கள் ஆற்றோர ஒதுக்கு நிலத்தை இயற்கை மரங்களுடன் விட வேண்டும் என்று நிலைத்தன்மைச் சான்றிதழ் விதிகள் கேட்கின்றன. ஆகவே தோட்ட நிர்வாகத்துக்கும் அந்தக் கன்றுகள் தேவைப்படும்.

மரம் என்ன இனம் என்று தெரியாவிட்டால், இலை, பூ, காய், அடிமரப் பட்டை ஆகிய நான்கையும் படம் எடுத்து மாவட்ட வன அலுவலகத்தையோ கெப்போங் ஆராய்ச்சிக் கழகத்தையோ கேட்கலாம். தனியார் நிலம் என்றால் உரிமையாளரின் சம்மதம் வேண்டும்.

பொறுக்கும்போது புதிதாக விழுந்ததை மட்டும் எடுங்கள். நான்கைந்தை நடுவில் கத்தியால் வெட்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகவோ பச்சையாகவோ நிறைந்திருந்தால் நல்லது; பொடியாகவோ புழுவாகவோ இருந்தால் அந்த மரத்தடியில் மேலும் தேட வேண்டும். பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் நிற்கும் காரில் வைக்காதீர்கள், வெந்துவிடும். ஈரச் சாக்கு அல்லது ஈர மரத்தூள், நிழல், காற்றோட்டம் போதும். மெரந்தி விதையாக இருந்தால் இறக்கைகளை ஒடித்துவிட்டு அன்றோ மறுநாளோ பாதி புதையும்படி மண்ணில் போட்டுவிட வேண்டும். ஒவ்வொரு பைக்கும் ஒரு சீட்டு போடுங்கள். மரத்தின் பெயர், அது நின்ற இடம், எடுத்த தேதி, எத்தனை மரத்திலிருந்து எடுத்தது, எடுத்தவர் பெயர் எல்லாம் அதில் இருக்க வேண்டும். பேனா மை ஈரத்தில் கரையும், பென்சிலில் எழுதுங்கள்.